பிஸ்கட் தின்ற ஆடுகள்

ராக்கம்மாவுக்குப் புருஷன் குரல் அப்புறம்தான், முதலில் ஆட்டுக் குரல் கேட்டாக வேண்டும். ஃபோனை எடுத்த உடனே, "செத்த நேரம் அதுக பக்கம் திருப்புங்க" என்பாள். கார்மேகமும் எழுத்தெல்லாம் தேய்ந்துபோன தன் நோக்கியாவைப் பட்டியின் கம்பி வேலிக்கு மேலே நீட்டிப் பிடிப்பான். ஜுபைலிலிருந்து அறுபது கிலோமீட்டர் உள்ளே, மணலுக்கு நடுவில் இருந்தது அந்த மஸ்ரா. பண்ணைக்கு அரபியில் அப்படித்தான் பெயர். அங்கே நூற்றெண்பது கிடாய்கள் போடுகிற கூச்சல், கமுதிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டுக்குள் போய் இறங்கும். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவள் தீர்ப்புச் சொல்வாள். "தண்ணி வைக்கலயா? தாகத்துல கத்துது." இல்லையென்றால், "இது பசிச் சத்தமில்ல, சும்மா வம்புக்குக் கத்துதுக." நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கணக்குத் தப்பியதில்லை. ஆடு வளர்க்கிற வீட்டில் பிறந்து, ஆடு வளர்க்கிற வீட்டுக்கே வாக்கப்பட்டவள். சவுதி ஆடானால் என்ன, வயிறு ஒன்றுதானே என்பது அவள் கட்சி.

மந்தையில் ஒரு கிடாயை அதன் குரலை வைத்தே அவள் அடையாளம் கண்டுவைத்திருந்தாள். கறுப்பு உடம்பும் வெள்ளை மூஞ்சியுமான நஜ்தி இனத்துக் கிடாய். குட்டியாக இருந்தபோது கழுத்தில் கயிறு இறுகியதில் அதன் தொண்டை கெட்டுப்போய், கத்தினால் கரகரவென்று ஒரு சத்தம் வரும். தொண்டகட்டி என்று பெயர் வைத்ததும் அவள்தான். பார்த்ததே இல்லை, ஆனால் மகள் ஜோதிமணியைப் பற்றிச் சொல்லி முடித்ததும் அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான் இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை ராக்கம்மா ஆட்டைக் கேட்டு முடித்துவிட்டு, சாவகாசமாக விஷயத்துக்கு வந்தாள். "மருதை பெரியாஸ்பத்திரில தேதி குடுத்துட்டாக. வர்ற வெள்ளிக்கெழம காலைல. இந்தத் தடவையும் வந்து படுக்கலன்னா இனிமே இந்தப் பக்கமே வராதம்மான்னு டாக்டரம்மா வையுது."

"படுத்துர வேண்டியதுதான?"

"நீங்க வந்து நில்லுங்க, படுக்குறேன்."

இதுதான் மூன்று மாதமாக நடக்கிற வழக்கு. மார்பில் கட்டி. முதலில் எலுமிச்சங்காய் அளவு என்றாள், அப்புறம் அளவைச் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். ஆடியில் ஒரு தேதி, புரட்டாசியில் ஒரு தேதி. இரண்டு முறையும் கார்மேகத்தின் லீவு தள்ளிப்போக, அவளும் கையெழுத்துப் போடாமல் பஸ் ஏறி ஊருக்குத் திரும்பிவிட்டாள். கத்திக்கு அவள் பயப்படுகிறவள் இல்லை. அரிவாள் காலில் இறங்கியபோது வேட்டித்துணியைக் கட்டிக்கொண்டு நாற்று நட்டவள். மயக்க மருந்துதான் அவளைப் பிடித்து ஆட்டியது. "எந்திரிச்சா சரி. எந்திரிக்கலன்னா? நாலு வருசமா பாக்காத மொகத்தப் பாக்காமலே போகச் சொல்றீகளா?" என்று கேட்பாள்.

விசா கொடுத்து அழைக்கிற முதலாளிக்கு அங்கே கஃபீல் என்று பெயர். கார்மேகத்தின் கஃபீல் அபூ நாசர். கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கை ஓங்கியதில்லை, வைததில்லை, பெருநாளுக்குச் சட்டைத் துணி கொடுப்பார். லீவு மட்டும்தான் கொடுக்க மாட்டார். கேட்கும்போதெல்லாம் இன்ஷா அல்லா என்பார், அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் உண்மையாகவே ஈரம் தெரியும். விசாவில் டிரைவர் என்று போட்டு அழைத்து வந்தார். நான்கு வருஷமாகக் கார்மேகம் ஒரு ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. ஆனால் இந்த முறை அவரே காரின் டேஷ்போர்டைத் திறந்து பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் எடுத்துக் காட்டினார். பாஸ்போர்ட்டில் ஊருக்குப் போய்வர முத்திரை அடித்திருந்தது. டிக்கெட்டில் வியாழக்கிழமை இரவு தமாமிலிருந்து சென்னை, விடிந்ததும் அங்கிருந்து மதுரை என்று இருந்தது. "கனம் ரூஹ், இன்தா ரூஹ்" என்றார். ஆடு போகட்டும், நீ போ. ஹஜ் பெருநாளுக்கு மூன்று வாரம் இருந்தது. வியாழக்கிழமை தமாம் வியாபாரி லாரியோடு வந்து மந்தையை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், பட்டியில் பார்த்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அப்புறம் கார்மேகம் எதற்கு?

அந்த வியாபாரி வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போனான். மந்தைக்குள் நடந்து, ஒவ்வொரு கிடாயின் முதுகிலும் விரலை அழுத்திப் பார்த்தான். பல்லைப் பார்த்தான், கொம்பைப் பார்த்தான், காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தான். பெருநாளில் குர்பானியாக அறுப்பதற்கு நொண்டியும் ஆகாது, காது கிழிந்ததும் ஆகாது. கடைசியில் உதட்டைப் பிதுக்கினான். எலும்பு விரலில் படுகிறதாம். வியாழக்கிழமை வரும்போதும் இப்படியே இருந்தால் வேறு மஸ்ராவில் எடுத்துக்கொள்வேன் என்று அபூ நாசரிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினான். அபூ நாசர் கார்மேகத்தைப் பார்த்தார். வைதிருந்தால்கூடத் தேவலை.

அந்த வருஷம், இரண்டாயிரத்து எட்டில், தீவனப் பார்லி விலை ஏறிய ஏற்றத்தில் பெரிய பெரிய மந்தைக்காரர்களே ஆடிப்போயிருந்தார்கள். அபூ நாசர் பாதி ஆட்டை விற்றுவிடலாமா என்று யோசித்தபோது, எகிப்துக்கார மாட்டு டாக்டர் ஒருவர்தான் வழி சொன்னார். ரொட்டிக் கடையில் மிஞ்சுவது, பிஸ்கட் கம்பெனியில் உடைவதும் கருகுவதும், பேரீச்சம்பழப் பாகு காய்ச்சுகிற ஆலையில் பிழிந்துபோட்ட சக்கை, மாவு மில் தவிடு. பார்லி தருகிற தெம்பை இதுவும் தரும், ஆடு விரும்பித் தின்னும் என்றார். அந்த ஊரில் ரொட்டியைக் குப்பையில் போடமாட்டார்கள், அது பாவம். மிஞ்சிய குபூஸ் ரொட்டியைத் தனிப் பையில் கட்டி வீட்டு வேலியிலும் விளக்குக் கம்பத்திலும் தொங்கவிட்டிருப்பார்கள், யாராவது கால்நடைக்கு எடுத்துப் போகட்டும் என்று. பாகிஸ்தான்காரப் பட்டாணியர் ஒருவர் லாரியில் அதையெல்லாம் சேகரித்துக்கொண்டு வருவார். கார்மேகத்தின் வேலை ஒவ்வொரு பையாகப் பிரித்துக் கொட்டுவது. பிளாஸ்டிக் உள்ளே போனால் ஆடு தீர்ந்தது. பூசணம் பிடித்ததைப் பொறுக்கி எடுத்து, மீதியைத் தார்ப்பாயில் காயவைப்பான். பிள்ளைகள் கடித்து வைத்த ரொட்டியில் சின்னச் சின்னப் பல் தடம் இருக்கும். நல்லதாக நாலைந்தைத் தனக்கும் எடுத்து வைத்துக்கொள்வான். அதில் அவனுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆட்டுக்கும் அவனுக்கும் ஒரே இடத்திலிருந்து சாப்பாடு, அவ்வளவுதான்.

ஆனால் டாக்டர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். இருபது லிட்டர் பெயிண்ட் டப்பா ஒன்றை எடுத்து, அதன் உள்பக்கத்தில் ஆணியால் ஐந்து கோடு கிழித்தார். ஒரு தொட்டிக்கு ஒரு டப்பா. முதல் ஐந்து நாள் அடிக்கோடு வரைக்கும்தான் பிஸ்கட்டும் ரொட்டியும், அடுத்த ஐந்து நாள் இரண்டாம் கோடு, அப்படியே ஒவ்வொன்றாக ஏற வேண்டும். அதற்கு முன்னால் காய்ந்த புல் வயிற்றில் இருந்தாக வேண்டும். மாவும் சர்க்கரையும் ஒரேயடியாக உள்ளே இறங்கினால் வயிற்றுக்குள் புளித்துப் பொங்கி ஆட்டைக் கொன்றுவிடும். அவர் அரபியில் சொன்னதில் கார்மேகத்துக்குப் பாதிதான் விளங்கியது. மீதிப் பாதி முன்பே தெரியும். பதினைந்து வயதில், அறுத்துப் போட்ட சோளக் களத்தில் அவன் கண்ணசந்த நேரம் மந்தை புகுந்தது. விடிவதற்குள் பன்னிரண்டு ஆடு செத்துக் கிடந்தது. அவனுடைய அப்பன் அடிக்கக்கூட இல்லை, ஒவ்வொன்றாகத் தூக்கி வரிசையாகப் படுக்கவைத்து அவனை எண்ணச் சொன்னான்.

ஆக, தெரியாமல் செய்தான் என்று கார்மேகத்துக்கு யாரும் பரிந்து பேச முடியாது. வியாபாரி வந்துபோன அன்று டப்பா இரண்டாம் கோட்டில் இருந்தது. ஐந்தாம் கோட்டுக்கு இன்னும் பதினைந்து நாள் வேண்டும். கையில் இருந்ததோ ஆறு நாள். வியாபாரியின் வண்டி கண்ணைவிட்டு மறைந்ததும் அவன் யேசுதாசனுக்கு ஃபோன் போட்டான்.

யேசுதாசன் ஜுபைல் ரோட்டில் பிஸ்கட் கம்பெனியில் மெஷின் மெக்கானிக். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, வள்ளத்தில் கால் வைத்தாலே வாந்தி எடுத்தவன். அதனாலேயே ஐ.டி.ஐ. படித்து இங்கே வந்து சேர்ந்தான். கழிவுப் பிஸ்கட்டை லாரியில் ஏற்றி அனுப்புவதைப் பார்த்துக்கொள்வதும் அவன்தான். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில், ஏற்றும்போது ஒரு மூட்டையை மட்டும் சுத்தமாகக் கட்டி, அதற்குள் கார்மேகத்துக்கென்று டீத்தூளும் கருவாடும் வைத்து அனுப்புவான்.

"யேசு, கிரீம் வச்ச பிஸ்கட்டு கெடக்குன்னு போன வாரம் சொன்னியே, இருக்கா?"

"மெஷின் மக்கர் பண்ணி மூணு பேலட்டு கெடக்கு அண்ணே. நீங்கதானே வேண்டாம்னு சொன்னிய? இனிப்பு கூடுதலாக்கும். ஆட்டுக்குச் செமிக்குமா?"

"ஒனக்குப் பிஸ்கட்டத் தெரியும், எனக்கு ஆட்டத் தெரியும்ப்பா. ஏத்தி விடு."

இந்த வார்த்தையைப் பின்னால் பல நாள் அவன் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

சனிக்கிழமை டப்பா மூன்றாம் கோட்டுக்கு ஏறியது. ஞாயிறு நான்கு. திங்கட்கிழமை ஐந்து. கிடாய்கள் ஒன்றையொன்று ஏறி மிதித்துக்கொண்டு தின்றன. புல் தின்றால் பிஸ்கட்டுக்கு வயிற்றில் இடம் இருக்காது என்று காய்ந்த புல்லைப் பாதியாகக் குறைத்தான். சாயங்காலம் வியாபாரி செய்ததைப் போலவே முதுகில் விரலை அழுத்திப் பார்ப்பான். எலும்புக்கும் விரலுக்கும் நடுவில் ஏதோ மெத்தென்று வந்துவிட்டதாகவே அவனுக்குத் தோன்றியது. மூன்று நாளில் எந்த ஆட்டுக்கும் சதை வைக்காது. இதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் ஆசை விரலுக்குள் புகுந்துகொண்டால் விரல் என்ன செய்யும்?

திங்கட்கிழமை புழுக்கை உருண்டையாக விழவில்லை, குழைந்து விழுந்தது. பனி விழ ஆரம்பித்துவிட்டது, அதனால் இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். செவ்வாய்க்கிழமை இரண்டு கிடாய்கள் தொட்டிப் பக்கம் வராமல் சுவரோரம் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. கூட்டத்தில் இடிபட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். அன்றைக்குத்தான் கிரீம் பிஸ்கட் லாரி வந்தது. வெள்ளைக் கிரீமும் ஆரஞ்சுக் கிரீமும் வைத்த வேஃபர்கள், கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு. டப்பாவில் கோடு மறைய அள்ளிக் கொட்டினான். இன்னும் இரண்டே நாள். பெட்டிகூட வாங்கியாகிவிட்டது, ஜோதிமணிக்கு ஒரு கைக்கடிகாரம், ராக்கம்மாவுக்குத் தைலமும் ஒரு போர்வையும். ஆஸ்பத்திரியில் குளிரும் என்று கெட்டியான போர்வையாகப் பார்த்து வாங்கியிருந்தான்.

அன்று சாயங்காலம் ஃபோனை ஆட்டுப் பக்கம் திருப்பியபோது, அவள் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் கேட்டாள்.

"சத்தம் கொறஞ்சிருக்கே."

"வயிறு நெறஞ்சிருக்கு. அதான்."

"வயிறு நெறஞ்ச ஆடு இப்படி இருக்காது. தொண்டகட்டி சத்தத்தையும் காணோம். எதுக்கும் போயி நல்லாப் பாருங்க."

"அங்க உக்காந்துக்கிட்டே ஒனக்கு எல்லாந் தெரியுமாக்கும்!" என்று கத்திவிட்டான். நான்கு வருஷத்தில் அவளிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "வர்றப்ப வெறும் வயித்தோட பிளைட்டு ஏறாதீக" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

விடிகாலையில் அவனை எழுப்புவது எப்போதும் ஆட்டுக் கூச்சல்தான். புதன்கிழமை அவனை எழுப்பியது கூச்சல் இல்லாததுதான். கண்ணைத் திறந்த உடனே தெரிந்துவிட்டது. சோளக் களத்தில் வெயில் ஏறுவதற்கு முன் அவனுடைய அப்பன் எண்ணச் சொன்ன பன்னிரண்டும் கண் முன்னால் வந்து படுத்தன. அப்புறம் எழுந்தான்.

பட்டியில் முக்கால்வாசி ஆடுகள் படுத்திருந்தன. நின்றவை குடித்தவன்போலத் தள்ளாடின. கண் குழிக்குள் போயிருந்தது. சில பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தன. ஒன்றின் வயிற்றில் கையை வைத்து அழுத்தினான், தண்ணீர்க்குடம்போலத் தளதளத்தது. வாயைப் பிளந்து முகர்ந்தபோது புளித்த மாவு நாற்றம். கீழே பச்சையும் மஞ்சளுமாக நுரைத்துக் கிடந்தது. பதினோரு ஆடு அதற்குள் விறைத்துப்போயிருந்தன. கார்மேகம் தலையில் அடித்துக்கொண்டான், நெஞ்சில் அடித்துக்கொண்டான். சுற்றிலும் மணல், ஒரு ஈ காக்கை இல்லை. பிறகு யேசுதாசனுக்கு ஃபோன் செய்து, "சோடா மாவு வேணும்ப்பா, மூட்டைக் கணக்குல" என்றான்.

நைட் டூட்டி முடிந்த கையோடு யேசுதாசன் கம்பெனி பிக்கப்பை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டான். பிஸ்கட் உப்புவதற்குப் போடுகிற அதே சோடா மாவு, நான்கு மூட்டை. பட்டியைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டான். வயிற்றுப் புளிப்பை முறிக்க இருவரும் பெப்சி பாட்டிலில் சோடா மாவைக் கரைத்து, ஒவ்வொரு ஆடாகத் தாடையைத் தூக்கி, கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். யேசுதாசன் இயந்திரத்தைத் தவிர வேறொன்றைத் தொட்டுப் பழகாதவன். ஆட்டின் நாக்கு கையில் பட்டதும் முதலில் அருவருத்தான், பத்தாவது ஆட்டுக்குள் பழகிவிட்டான். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஒன்று அவன் மடியிலேயே காலை உதறி அடங்கியது. அப்படியே பாட்டிலும் கையுமாக உட்கார்ந்துவிட்டான்.

"நாந்தான் கொன்னேன் யேசு. தெரிஞ்சே கொன்னேன்" என்றான் கார்மேகம்.

"நானும்தானே அண்ணே ஏத்தி விட்டேன்."

"நீ கேட்ட. செமிக்குமான்னு கேட்ட."

யேசுதாசன் அடுத்த ஆட்டின் தாடையைத் தூக்கினான். மத்தியானம் வரைக்கும், பிறகு சாயங்காலம் வரைக்கும் ஊற்றினார்கள். இருட்டும்போது அறுபத்து நான்கு ஆட்டை வேலிக்கு வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். டூட்டிக்கு நேரமாகி யேசுதாசன் கிளம்பும்போது, "நாளைக்கு பிளைட்டு அண்ணே" என்று நினைவூட்டுகிறவன்போல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அபூ நாசரும் வியாபாரியும் வந்தார்கள். வியாபாரி காரைவிட்டு இறங்கியதும் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டான். பிழைத்துக் கிடந்தவற்றில் இரண்டை எழுப்பி நடக்கவிடச் சொன்னான். அவை முன்னங்காலை ஊன்ற முடியாமல் முழங்காலால் நகர்ந்தன. வயிற்றில் பொங்கிய புளிப்பு குளம்புக்கு இறங்கிவிட்டது. நொண்டி குர்பானிக்கு ஆகாது. அவன் லாரியை உள்ளேகூட விடவில்லை, தூரத்தில் நின்றதை அப்படியே திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அபூ நாசர் செத்த ஆடுகளின் வரிசையை முழுவதும் நடந்து பார்த்தார். உதடு ஏதோ முணுமுணுத்தது. கால் அருகே மணலில் ஒரு ரொட்டித் துண்டு கிடந்தது. குனிந்து எடுத்து, மணலை ஊதி, முத்தமிட்டு, நெற்றியில் தொட்டு, சுவர்மேல் வைத்தார். மூட்டையிலிருந்து ஒரு வேஃபரை எடுத்துக் கடித்துப் பார்த்து, நன்றாகத்தானே இருக்கிறது என்பதுபோலத் தலையை ஆட்டினார். டப்பாவையும் எடுத்துப் பார்த்தார். உள்ளே கோடுகள்மேல் அவர் விரல் ஒருமுறை ஓடியது, அதன்பின் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். கார்மேகம் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். வந்தது வேறு. "பாபா, மதாம் முஸ்தஷ்ஃபா. புக்ரா" என்றான். பெண்டாட்டி ஆஸ்பத்திரியில், நாளைக்கு. சொல்லும்போது கை தானாகவே மார்பைத் தொட்டுக் காட்டியது.

"இன்தா ரூஹ், மீன் ஷூஃப் கனம்?" என்று கேட்டார் அபூ நாசர். நீ போனால் ஆட்டை யார் பார்ப்பது? திட்டுகிற குரலில் கேட்கவில்லை, உண்மையாகவே அவருக்குத் தெரியாததால் கேட்டார். நோயில் கிடந்த நூற்றுச் சொச்சம் ஆட்டைக் கையால் சுற்றிக் காட்டினார். அவற்றைப் போட்டுவிட்டு எந்த ஆட்டுக்காரன்தான் போவான் என்று கேட்பதுபோல் இருந்தது. ஹஜ் முடியட்டும், இன்ஷா அல்லா என்றார். பிறகு அங்கேயே நின்று இரண்டு கையையும் ஏந்தி ராக்கம்மாவுக்காக துஆ செய்தார். அவள் பெயர் என்ன என்று கேட்டு, அவருக்கு வந்த மாதிரி அதைச் சொன்னார். காரில் ஏறி டேஷ்போர்டைத் திறந்து ஒரு தடவை பார்த்து மூடினார். கார் போன தடம் மணலில் வெகுநேரம் கிடந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்து ஏழு மணி. ஊரில் ஒன்பதரை. கார்மேகம் பட்டிக்குள் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான், மடியில் தொண்டகட்டியின் தலை. ராத்திரியெல்லாம் அதற்கு நான்கு முறை சோடாத் தண்ணீர் புகட்டியிருந்தான். பெட்டியைப் பிரித்து, ராக்கம்மாவுக்கு வாங்கிய போர்வையை எடுத்து அதன்மேல் போர்த்தியிருந்தான். சுற்றிலும் நூறு ஆடு கிடந்தும் ஒரு சத்தம் இல்லை. மூன்று நாளாக அவன் காது ஒன்றுக்குத்தான் ஏங்கிக் கிடந்தது. ஒரே ஒரு ஆடு கத்தினால் போதும். கத்துகிற ஆடு பிழைத்துக்கொள்ளும்.

ஃபோன் ஒரு தடவை அடித்து நின்றது. ஜோதிமணியின் மிஸ்டு கால். அவன் திருப்பிப் போட்டான்.

"அப்பா, எங்க இருக்கீக? சென்னை எறங்கிட்டீகளா?" பதினேழு வயதுப் பெண் அழாமல் பேசப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். "பத்து மணிக்கு உள்ள கொண்டு போகணுமாம். அம்மா கையெழுத்துப் போட மாட்டேங்குது. வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்துருக்கு. இன்னிக்கு விட்டா இனிப் பொங்கல் கழிச்சுத்தான்னு சொல்றாக. அம்புட்டு நாளு தாங்காதாம்ப்பா. டாக்டரம்மா என்னையத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுச்சு."

கார்மேகம் ஆட்டைப் பார்த்தான். வேலிக்கு வெளியே வரிசையைப் பார்த்தான்.

"அம்மாட்ட குடு" என்றான்.

சேலை உரசுகிற சத்தம், ஆஸ்பத்திரி இரைச்சல், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது. பிறகு அவள் மூச்சு.

"ராக்கு, பிளைட்டு லேட்டாயிப் போச்சு. தமாம் ஏர்போர்ட்டுல தான் இருக்கேன். ராத்திரி பூரா இங்கதான் உக்காத்தி வச்சிருந்தாக. இப்பக் கூப்பிட்டுட்டாக, வரிசைல நிக்கிறேன். நீ படுத்துரு. நீ கண்ணு முழிக்கையில நான் பக்கத்துல நிப்பேன்."

கார்மேகத்துக்குத் தெரியும் அவள் என்ன செய்கிறாள் என்று. காதை ஃபோனோடு அழுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் பேச்சைக் கேட்கவில்லை. பேச்சுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்கிறாள். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காற்றுகூட இல்லாத காலை.

"ஆட்டுச் சத்தமே கேக்கல" என்றாள் கடைசியில். அவள் குரல் நான்கு வருஷத்துக்கு முந்தைய குரலாக மாறியிருந்தது. "அப்ப நெசந்தேன். கெளம்பிட்டீக."

"கெளம்பிட்டேன்."

"அதுகள யாரு பாத்துக்குறா?"

"ஆள் இருக்கு."

"தொண்டகட்டி?"

"லாரி ஏறிட்டான்."

"பாவம்" என்றாள். அப்புறம் ஃபோனைத் தள்ளிப் பிடித்து, பக்கத்தில் யாரிடமோ, "பேனாவக் குடு தாயி" என்று சொன்னது கேட்டது. திரும்பவும் காதுக்கு வந்தாள். "ஏறுற வரைக்கும் வைக்காதீக. கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன். அப்படியே வச்சிருங்க."

அவன் அப்படியே வைத்திருந்தான். அப்போது மடியில் போர்வை அசைந்தது. தொண்டகட்டி கண்ணைத் திறந்து, கழுத்தை மெல்லத் தூக்கி, அவன் முகத்தைப் பார்த்தது. அதன் விலா உப்பியது, மூன்று நாளுக்கு அப்புறம் முதல்முறையாக. கழுத்து நரம்பு புடைத்து, மேலுதடு விரிந்து, கீழ்த்தாடை இறங்கியது. கார்மேகம் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல், மற்றொரு கையால் அதன் வாயை இறுகப் பொத்தினான். அந்தக் கரகரப்பு முழுவதும் வெதுவெதுப்பாக அவன் உள்ளங்கையில் வந்து முட்டியது.